சிறாருடன் திருகோணமலை

பாடசாலை விடுமுறை நெருங்கியதும் வீடுதோறும் எழும் கேள்வி ஒன்றுண்டு: இம்முறை பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது? பெரியவர்கள் பல ஊர்களின் பெயரைச் சொல்வார்கள். பிள்ளைகளோ பெரும்பாலும் கடல் என்ற ஒரு சொல்லையே சொல்வார்கள். நம் நாட்டில் அவ்விருப்பத்தை நிறைவேற்றத்தக்க பட்டினங்களுள் திருகோணமலை முன்வரிசையில் நிற்பது. கோட்டையும் கோயிலும், வெந்நீர்க் கிணறுகளும் முருகைக்கற் பாறைகளும், உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றும் அங்கே அருகருகே அமைந்துள்ளன.

இருந்தும், அங்கே சென்று திரும்பும் குடும்பங்கள் யாவும் மனநிறைவோடு திரும்புகின்றன என்று சொல்வதற்கில்லை. இரண்டு நாளில் எட்டு இடங்களைப் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணத்துடன் பெற்றோர் புறப்படுகின்றனர். முதல் நாள் நண்பகலிலேயே சிறு பிள்ளை அழத் தொடங்குகிறது. மூத்த பிள்ளை வாகனத்தை விட்டு இறங்க மறுக்கிறது. பிள்ளைகளோடு செய்யும் பயணத்தில் நாளொன்றுக்கு இரண்டு இடங்களே போதும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. வெயில் கடுமையாயிருக்கும் பத்து மணி முதல் மூன்று மணி வரையுள்ள நேரம் நிழலுக்கும் உணவுக்கும் உறக்கத்துக்கும் உரியது. இளநீரும் மோரும் அப்பொழுது செய்யும் உதவியை வேறெதுவும் செய்யாது.

இடத்தைத் தெரிந்தபின் காலத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். டிசம்பர் விடுமுறை நீண்டதுதான். ஆனால் அது வாடைக்காற்றின் காலம். மழையும் கொந்தளிக்கும் கடலும் கீழைக் கரையை ஆளும் அந்நாட்களில் பிள்ளைகளைக் கடலில் இறக்குதல் தகாது. சித்திரைப் புத்தாண்டையொட்டிய ஏப்ரல் விடுமுறையும் ஆகஸ்ட் விடுமுறையுமே திருகோணமலைக்கு ஏற்றவை. கொழும்பிலிருந்து தரைவழியே ஏறக்குறைய 260 கிலோமீற்றர் தூரம். இரவுப் புகையிரதத்தில் ஏறினால் பிள்ளைகள் உறங்கியபடியே சென்று, விடியற்காலையில் கடற்காற்று முகத்தில் பட இறங்குவார்கள்.

அவ்வாறு இறங்கும் பிள்ளைகளுக்கு முதலில் காட்டவேண்டியது சூரியோதயம். மேற்குக் கரையில் வாழும் பிள்ளை கதிரவன் கடலில் மறைவதையே கண்டு பழகியது. இங்கே அது கடலிலிருந்து எழுகிறது. நகரத்தை அடுத்துள்ள ஒல்லாந்தர் குடாவின் மணலில் நின்றாலே இக்காட்சியைக் காணலாம். ஏன் அங்கே மறைவது இங்கே எழுகிறது என்று பிள்ளை கேட்குமானால், பூமி சுழலும் திசையை மணலில் ஒரு கோடு கீறி விளக்கிவிடலாம். வகுப்பறையில் ஒரு மணி நேரம் எடுக்கும் பாடம் அங்கே ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடியலில் கரைவலை இழுப்போரைக் காணும் வாய்ப்பும் உண்டு. தோணியில் வலையைக் கொண்டுசென்று அரைவட்டமாகக் கடலில் இட்டபின், அதன் இரு முனைகளையும் இரண்டு கூட்டத்தார் கரையில் நின்று இழுப்பர். இரு கூட்டமும் சிறிது சிறிதாக நெருங்கி வர, இறுதியில் மீன் நிறைந்த மடி கரையேறும். சம்மாட்டியின் அனுமதி பெற்று, வேலைக்கு இடையூறு செய்யாமல் ஒதுங்கி நின்று பார்த்தால், தட்டில் வரும் மீனுக்குப் பின்னால் எத்தனை கைகளின் உழைப்பு உள்ளதென்பதைப் பிள்ளைகள் உணர்வார்கள்.

இனிக் கடலில் இறங்குவது பற்றி. இதில் பெற்றோர் சற்று நிதானித்து அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஆகஸ்ட் மாதத்தில் கீழைக் கரையில் வீசும் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து, அதாவது தரையிலிருந்து கடலை நோக்கி வருவது. கச்சான் என வழங்கும் அக்காற்று கரையோர அலைகளைத் தணித்துவிடுகிறது. குளம்போல் கிடக்கும் கடலைக் கண்டு பெற்றோரின் அச்சம் நீங்குகிறது. ஆனால் அலையைத் தணிக்கும் அதே காற்றுத்தான் மிதக்கும் பொருள்களைக் கரையிலிருந்து வெளியே தள்ளிச் செல்கிறது. காற்றடைத்த பந்து கையை விட்டு நழுவினால் சில கணங்களில் எட்டாத் தூரத்துக்குப் போய்விடும். அதைப் பிடிக்க ஒரு சிறுவன் இரண்டடி முன்னே செல்வான். பந்து மூன்றடி நகரும். அவன் மேலும் செல்வான். காற்றடைத்த வளையத்தில் அமர்ந்திருக்கும் குழந்தையின் நிலை இதனினும் ஆபத்தானது. பந்துக்குப் பதிலாகக் குழந்தையே நகர்ந்துகொண்டிருக்கும்.

ஆதலால் கடற்கரையில் கால் வைக்குமுன் பிள்ளைகளிடம் சொல்லிவைக்க வேண்டிய முதல் விதி இது: பந்து போனால் போகட்டும். போன பந்துக்காக ஏசமாட்டோம் என்ற உறுதியையும் பெற்றோர் கொடுத்தல் வேண்டும். ஏச்சுக்கு அஞ்சும் பிள்ளையே பந்தின் பின்னால் போகும். காற்றடைத்த மிதவைகளைக் கடலுக்குக் கொண்டுசெல்லாமல் விடுவது எல்லாவற்றிலும் நன்று.

இரண்டாவது விதி இழுவை நீரோட்டம் பற்றியது. அலைகள் கரைக்குக் கொண்டுவந்த நீர் எங்கேனும் ஒரு வழியாகக் கடலுக்குத் திரும்ப வேண்டும். பல இடங்களில் அது ஒடுங்கிய வாய்க்கால்போல் ஒரே பாதையில் விரைந்து திரும்புகிறது. இருபுறமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் மட்டும் நுரையின்றிக் கருமையாகத் தோன்றும் நீர்ப்பரப்பே பெரும்பாலும் அதன் அடையாளம். பார்வைக்கு அமைதியான அவ்விடத்தைத்தான் அறியாதவர்கள் குளிப்பதற்குத் தெரிந்தெடுக்கின்றனர். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சலிட்டால் களைத்துப்போவார். பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் அவ்வொடுங்கிய ஓட்டத்தை விட்டு வெளியேறலாம். எனினும் இவ்வறிவு பெரியவரின் காவலுக்கு ஈடாகாது. சிறு பிள்ளைகள் நீரில் நிற்கும்போது, கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் நிற்கவேண்டும். யார் அவர் என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று எண்ணும் குடும்பத்தில் ஒருவரும் பாராத நேரம் வந்துவிடும்.

மூன்றாவது விதியை நம் நாடு பெருவிலை கொடுத்துக் கற்றது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் தேதி சுமாத்திரா அருகே கடலடியில் நேர்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை, ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் இலங்கையின் கீழைக் கரையை அடைந்தது. நாடெங்கும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். திருகோணமலைக் கரையும் அதற்குத் தப்பவில்லை. அதே நாளில் தாய்லாந்துக் கரையொன்றில், பத்து வயது ஆங்கிலச் சிறுமி ஒருத்தி, கடல்நீரின் வழக்கமற்ற நடத்தையைக் கண்டு, சில நாட்களுக்கு முன் புவியியல் வகுப்பில் கற்றதை நினைவுகூர்ந்து பெற்றோரை எச்சரித்தாள். அந்தக் கரையிலிருந்தோர் உரிய வேளையில் கரையை விட்டகன்று உயிர் பிழைத்தனர். கடல் திடீரென உள்வாங்கினாலும், வழக்கத்துக்கு மாறாக ஏறினாலும், நிலம் அதிர்ந்தாலும் வேடிக்கை பார்க்க நிற்காமல் உயர்ந்த இடம் நோக்கி ஓடவேண்டும். இதைச் சொன்னால் பிள்ளைகள் பயப்படுவார்களே எனப் பெற்றோர் தயங்குவதுண்டு. எங்கே ஓடுவதென்று அறிந்த பிள்ளைக்கு அச்சம் குறையும். மேட்டைக் காட்டிக் கொடுத்துவிட்டால், அடுத்த கணம் அது மணல்வீடு கட்டப் போய்விடும்.

திருகோணமலையில் உயர்ந்த இடத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. நகரத்திலிருந்து கடலுக்குள் நீண்டு, முந்நூறு அடிக்கு மேல் செங்குத்தாக நிற்கும் சுவாமிமலையே கண்முன் உள்ளது. அதன் உச்சியில் திருக்கோணேச்சரம். மாலை வேளையே அங்கு செல்ல ஏற்றது. வழி பிரெடெரிக் கோட்டையின் வாயிலூடாகச் செல்கிறது. உள்ளே நுழைந்ததும் பிள்ளைகளின் கண்ணில் படுவது கோட்டைச் சுவரன்று. மரநிழலில் அச்சமின்றித் திரியும் புள்ளிமான்கள். மானைக் கண்டதும் கையிலுள்ள தின்பண்டத்தை நீட்டத் தோன்றும். அதைத் தடுக்கவேண்டும். உணவு சுற்றிய பிளாஸ்டிக் உறைகளையும் சேர்த்து விழுங்கும் மான்கள் அதனால் நோயுற்று மடிகின்றன. அன்பு காட்டுவதற்கு உணவைத்தான் கொடுக்க வேண்டுமென்பதில்லை, சும்மா நின்று பார்ப்பதும் அன்புதான் என்பதைப் பிள்ளை அங்கே கற்கலாம்.

கோட்டையின் கதையைப் பிள்ளைகளுக்குச் சுருக்கமாகச் சொல்வதே நன்று. சம்பந்தர் தேவாரம் பெற்ற பழம்பெருங் கோயில் இம்மலைமீது இருந்தது. 1624ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயர் அதை இடித்து, அக்கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தரும், பின்னர் சிறிது காலம் பிரான்சியரும், 1795இல் ஆங்கிலேயரும் அதைக் கைப்பற்றினர். 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் தோழர் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கிப் பழங்கோயிலின் சிதைவுகளைக் கண்டனர். இன்று மலைமீதுள்ள கோயில் மீண்டும் எழுப்பப்பட்டு 1963இல் குடமுழுக்குக் கண்டது. இடிக்கப்பட்டதொன்று முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் மீண்டும் எழலாம் என்பது இளம் உள்ளங்கள் அறிந்திருக்கத் தக்க செய்தி. மலையிலுள்ள ஆழ்ந்த பிளவுக்கு இராவணன் வெட்டு என்று பெயர். அதனருகில் செல்லும்போது பிள்ளையின் கையை இறுகப் பற்றிக்கொண்டு கதையைச் சொல்லலாம்.

மலையுச்சியிலிருந்து பார்ப்போர்க்குச் சில நாட்களில் திமிங்கிலம் நீர் பீச்சுவதும் தென்படும். துறைமுக வாயிலருகிலிருந்தே கடலடியில் ஆழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குவதால், பிற இடங்களில் கரைக்கு வெகு தொலைவில் வாழும் நீலத் திமிங்கிலமும் எண்ணெய்த் திமிங்கிலமும் இங்கே கரைக்கு அண்மையில் வருகின்றன. ஏறக்குறைய முப்பது மீற்றர் வரை வளரும் நீலத் திமிங்கிலமே உலகின் மிகப் பெரிய விலங்கு. படகில் சென்று பார்ப்பதற்குப் பல மணி நேரம் திறந்த கடலில் இருக்கவேண்டும். குமட்டலையும் வெயிலையும் தாங்காத சிறு பிள்ளைகளுக்கு மலையுச்சியே ஏற்றது.

அடுத்த நாட் காலைக்குக் கன்னியா. நகரிலிருந்து அநுராதபுர வீதியில் ஏறக்குறைய 8 கிலோமீற்றர் சென்றால், ஏழு சிறு வெந்நீர்க் கிணறுகள் ஒரே இடத்தில் உள்ளன. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் உண்டாக்கியவை என்பது மரபுக்கதை. ஒவ்வொன்றின் வெப்பமும் வெவ்வேறு. எது மிகச் சூடு என்று வாளியால் அள்ளித் தொட்டுப் பார்த்து வரிசைப்படுத்துவதே பிள்ளைகளுக்கு விளையாட்டாகிவிடும். முதலில் பெரியவர் தொட்டுப் பார்த்தபின் பிள்ளைமீது ஊற்றவேண்டும். எரிமலை இல்லாத நாட்டில் வெந்நீர் எப்படி வந்தது? மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே மிக ஆழத்துக்கு இறங்குகிறது. ஒரு கிலோமீற்றர் ஆழத்துக்கு ஏறக்குறைய 25 முதல் 30 பாகை வரை பூமியின் வெப்பம் கூடும். அங்கே சூடேறிய நீர் வேறொரு வெடிப்பின் வழியே மேலே திரும்புகிறது. கதையையும் காரணத்தையும் இரண்டையும் சொல்லலாம். பிள்ளைகள் ஒன்றுக்காக மற்றதை விட்டுவிட மாட்டார்கள்.

நீரில் பழகிய, எட்டுப் பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் புறாத்தீவு உரியது. நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவிலுள்ள இத்தீவு 2003ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக்கப்பட்டது. மாடப்புறாக்கள் அதன் பாறைகளில் கூடு கட்டுவதால் அப்பெயர் பெற்றது. படகில் ஏறுமுன் பிள்ளையின் அளவுக்குப் பொருந்தும் உயிர்காப்பு அங்கி உண்டா என்று பார்க்கவேண்டும். பொருந்தாத அங்கி காவாது. தெளிந்த நீரின்கீழ் முருகைக்கற்களையும் நிறமீன்களையும் காணலாம். முருகைக்கல் என்பது கல்லன்று. நுண்ணிய உயிரினங்கள் கூடிக் கட்டிய குடியிருப்பு. பருத்த வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே வளரும். அதன்மேல் ஒரு முறை கால் ஊன்றினால், பிள்ளையின் வயதுக்கு மேற்பட்ட காலத்தின் உழைப்பு நொறுங்கிவிடும். அங்கிருந்து ஒரு துண்டையும் எடுத்துவரலாகாது.

மூன்றாம் நாள் மாலை மீண்டும் நகரக் கடற்கரைக்கே வந்துவிடுவது நல்லது. புதிதாக எதையும் காட்ட வேண்டியதில்லை. முதல் நாள் கண்ட அலைகளைப் பிள்ளை இப்பொழுது வேறு கண்ணால் பார்க்கும். எங்கே நுரை இல்லை என்று சுட்டிக்காட்டும். காற்று எத்திசையிலிருந்து வீசுகிறதென்று மணலைத் தூவிப் பார்க்கும். மேட்டைத் திரும்பிப் பார்த்துக்கொள்ளும். இரவுப் புகையிரதத்துக்கு நேரமாகிறதென்று பெற்றோர் அழைக்கும்போது, இன்னும் ஒரு முறை என்று காலை நனைக்க ஓடும். அந்த ஒரு முறைக்கும் ஒரு பெரியவர் உடன் செல்லவேண்டும்.