வான்வழித் தூரம்

தொலைவிலுள்ள இரு விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட தூரம் யாது என வினவின், பூகோளப் படத்தை விரித்து அதன்மேல் அளவுகோலை வைப்போர் பலர். அவ்வாறு பெறும் விடை பெரும்பாலும் பிழைபடும். பின்லாந்தின் தலைநகராகிய எல்சிங்கியையும் யப்பானின் தலைநகராகிய தோக்கியோவையும் எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வாம்.

வகுப்பறைச் சுவரில் தொங்கும் மேக்கேற்றர் படத்தில் இவ்விரு நகரங்களையும் இணைக்கும் நேர்கோடு தென்கிழக்கு நோக்கிச் செல்லும். அக்கோட்டின் வழியே பறப்பின் 8,700 கிலோமீற்றருக்கு மேற் செல்லல் வேண்டும். பூகோள உருண்டையின்மீது அவ்விரு இடங்களுக்குமிடையே ஒரு நூலை இறுகப் பிடித்துப் பார்க்கும் மாணவனோ வியப்படைவான். நூல் எல்சிங்கியிலிருந்து வடகிழக்கே ஏறி, ஆட்டிக்கு வட்டத்தைச் சற்றே கடந்து, சைபீரியாவின் மேலாகச் சென்று, பின்னரே தெற்கு நோக்கி இறங்கும். புவியின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட வட்டம் பெருவட்டம் எனப்படும். அதன் வில்லே இரு இடங்களுக்கிடையேயுள்ள மிகக் குறுகிய வழி.

இத்தூரத்தைக் கணித்தலும் அரிதன்று. இரு நகரங்களின் அகலக்கோடு, நெடுங்கோடு ஆகியவற்றைக் கொண்டு, அவை புவிமையத்தில் அமைக்கும் கோணம் ஏறத்தாழ 70.4 பாகை எனக் காணலாம். பாகையொன்றுக்கு 111.2 கிலோமீற்றராகப் பெருக்க, ஏறத்தாழ 7,800 கிலோமீற்றர் வரும். படத்தின் நேர்கோட்டிலும் இது 900 கிலோமீற்றரளவு குறைவாகும்.

எனினும், கணிதம் காட்டும் வழியிலே விமானம் எப்பொழுதும் பறத்தல் இயலாது. ஒவ்வொரு நாடும் தன் நிலத்தின் மேலுள்ள வான்வெளிக்கு முழு உரிமையுடையது என 1944ஆம் ஆண்டுச் சிக்காகோ உடன்படிக்கை வகுத்தது. சோவியத்து நாடு தன் வான்வெளியை எளிதில் திறவாதிருந்த காலத்தில், கொப்பன்கேகனிலிருந்து தோக்கியோ செல்லும் விமானங்கள் 1957ஆம் ஆண்டு முதல் வடதுருவத்தின் வழியே அலாஸ்காவின் அங்கரேச்சை அடைந்து சென்றன. 1983இல் பின்லாந்து விமான சேவையினர், எல்சிங்கியிலிருந்து இடையில் எங்கும் தங்காது, துருவத்தைச் சுற்றியே தோக்கியோவை அடைந்தனர். பிற்காலத்திற் சைபீரிய வழி திறந்தபோது பயணம் ஒன்பது பத்து மணித்தியாலமாகச் சுருங்கிற்று. கிழக்காசியாவுக்குக் குறுகிய வழியில் அமைந்த ஊர் என்னும் சிறப்பையே முதலாக வைத்து அச்சிறு நாடு தன் விமானத் தொழிலை வளர்த்தது.

2022ஆம் ஆண்டு உக்ரேனிற் பெரும்போர் மூண்டதும் ஐரோப்பிய ஒன்றியமும் இரசியாவும் ஒன்றற்கொன்று வான்வெளியை அடைத்தன. தோக்கியோ விமானங்கள் மீண்டும் துருவவழியை நாடின. பயணம் பதின்மூன்று மணித்தியாலமளவு நீண்டது.

இரு நகரங்களும் தத்தம் இடத்திலேயே இருக்கின்றன. புவிமையத்தில் அவை அமைக்கும் கோணத்திலும் மாற்றமில்லை. மிகுந்த மூன்று மணித்தியாலமும் அதற்கு எரிந்த எண்ணெயும் மனிதர் பிணக்கின் விலையாகும். தூரத்தை அளக்கக் கற்கும் மாணவர், புவியின் வடிவோடு நாடுகளின் உறவையும் உடன்வைத்து அளக்கக் கற்பாராக.