கம்பெனி போகும், கைத்தொழில் போகாது

"படிச்சது போதும் அண்ணே, பெக்டரியில தினமும் காசு கிடைக்குதே!" ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு தாய் நம்மிடம் சொன்னது இது. நாலாம் படிவத்தோடு நின்றுவிட்ட மகன் பிளாஸ்டிக் கழிவு பிரிக்கப் போய்க்கொண்டிருந்தான்.

அந்த வேலை எப்படி வந்தது? 2018 ஜனவரியில் சீனா அந்நியக் கழிவுக்குக் கதவடைத்தது. அங்கே போன குப்பை நம் கோல லங்காட்டுக்கு வந்தது. செம்பனை ஓரங்களில் உரிமமில்லாத ஆலைகள் முளைத்தன. புகை தாங்காமல் ஊரார் புகார் செய்தார்கள். அதே ஆண்டில் அதிகாரிகள் பல ஆலைகளை மூடினார்கள். பையன் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தான்.

தோழர்களே, ரப்பர் போய்ச் செம்பனை வந்ததையும், 1970களில் சுங்கைவேயில் மின்னணு ஆலைகள் வந்ததையும் பார்த்தவர்கள் நாம். முதலாளி லாபம் கண்ட இடத்துக்குப் போவான். பிள்ளை கற்ற தொழில் பிள்ளையோடுதான் இருக்கும்.

எஸ்.பி.எம். தேறாவிட்டாலும் எஸ்.கே.எம். திறன் சான்றிதழுக்கு முதல் நிலையிலிருந்து படிக்கலாம். வெல்டிங், வயரிங், மெஷின் பழுது பார்த்தல் எல்லாம் உண்டு. மூன்றாம் நிலை முடித்தால் டிப்ளோமாவுக்கும் வழி இருக்கிறது.

இனி வேலைக்கு ஆள் தேடி வருகிறவரிடம் சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள். "என்ன தொழில் கத்துக் கொடுப்பீங்க? சான்றிதழ் உண்டா?" என்றும் கேளுங்கள்.