படிப்போர் விருப்பும் ஏடுகளின் வாழ்வும்

ஒருவர் எந்நூல்களை விரும்பிப் படித்தார், எவற்றை விலக்கினார் என்பன அவர்தம் தனிவாழ்வுக்குரிய சிறு செய்திகள் எனக் கருதி, இலக்கிய வரலாறு எழுதுவோர் அவற்றைக் கடந்து செல்லுதல் பெருவழக்கு. அச்சுநூல் பெருகிய காலத்திற்கு அஃது ஓரளவு பொருந்தலாம்; ஒருவர் படியாது விட்ட நூல் நூலகத்தில் மற்றொருவர்க்காகக் காத்திருக்கும். பனையோலைக் காலத்து நிலை வேறு. ஏடு செல்லுக்கும் ஈரத்திற்கும் இரையாவது. சில நூற்றாண்டுகளுக்கு மேல் நில்லாதது. அது சிதையுமுன் யாரேனும் ஒருவர் படித்து, போற்றத்தக்கது எனத் துணிந்து, பெயர்த்தெழுதினாலன்றி நூல் பிழையாது. ஆதலின் அக்காலத்துப் படிப்போரின் விருப்பு வெறுப்புக்கள் நூல்களின் உயிரோடு பிணைந்தவை. இதற்கு உ. வே. சாமிநாதையரின் (1855-1942) படிப்பு வரலாறு தக்கதொரு சான்றாகும்.

அக்காலத்தில் நூலைப் படித்தல் என்பது தனியே இருந்து கண்ணால் நோக்குதல் அன்று. ஆசிரியர்பால் பாடம் கேட்டலே ஆகும். ஆசிரியன் உரைப்பதை நன்கு கொள்ளினும் மாணாக்கன் காற்பங்கு அறிவே பெறுவான் என்றும், உடன் பயில்வோரால் மற்றொரு காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்றும் நன்னூலின் பொதுப்பாயிரம் வகுக்கின்றது. இம்முறையில் ஆழம் உண்டு. ஆயினும் ஆசிரியர் பாடஞ் சொல்லாத நூல் மாணாக்கன் உலகில் இல்லாத நூலே ஆகிவிடும். இரண்டு மூன்று தலைமுறையினர் ஒரு நூலைப் பாடஞ் சொல்லாது விடின், அதனை விளக்கவல்லாரே இல்லாதொழிவர்.

எந்நூல் கற்கத்தகும் என்பதில் சமயச் சார்பான கருத்துக்கள் பெரிதும் புகுந்திருந்தன. சோழவேந்தன் சீவக சிந்தாமணியில் திளைத்திருந்தமை கண்டு சேக்கிழார் அதனை மாற்ற முயன்றார் என்றும், அதுவே பெரியபுராணம் எழுதற்குக் காரணமாயிற்று என்றும் சேக்கிழார் புராணம் கூறும். அது முழுதும் வரலாறோ அன்றோ, ஒருவர் படிக்கும் நூல் பற்றிப் பிறர் கவலை கொள்ளும் மனப்பான்மையை அது காட்டுகின்றது. இலக்கணக் கொத்தின் ஆசிரியராகிய சாமிநாத தேசிகர் இன்னும் கடுமையுடையவர். எட்டுத்தொகை, பத்துப்பாட்டு முதலியவற்றில் காலம் போக்குவோர் வாழ்நாளை வீணாக்குவோர் என்பது அவர் கருத்து. பழந்தமிழ் நூல்கள் வழக்கொழிந்தமைக்கு இவ்வுரையைப் பலரும் சான்றாகக் காட்டுவர். எமக்கு இது மறுதலையாகவும் தோன்றுகிறது. படிப்போரே இல்லாத நூலைப் படியாதீர் என ஒருவர் கண்டித்தல் வேண்டா. தேசிகர் காலத்தும் அந்நூல்களைக் கற்போர் சிலரேனும் இருந்தனர் என்பதற்கு அவர் சினமே சான்று. அவர் சார்ந்திருந்த திருவாவடுதுறை ஆதீனத்தின் சுவடிகளே பிற்காலத்தில் அந்நூல்களின் பதிப்புக்குப் பெருந்துணையாயின என்பதும் நினைக்கத்தக்கது. அம்மடத்தில் படிப்பு ஒருவழிச் செல்ல, ஏடு பேணும் வழக்கம் வேறொருவழிச் சென்றது போலும். பத்துப்பாட்டுள் திருமுருகாற்றுப்படை ஒன்று மட்டும் என்றும் மறவாது ஓதப்பட்டது. பதினோராந் திருமுறையுள் இடம்பெற்று வழிபாட்டு நூலாக நின்றமையே அதற்குக் காரணம்.

இச்சூழலில் கல்வி பெற்றவர் சாமிநாதையர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871 முதல் அப்பெரியார் மறைந்த 1876 வரை அவர் கேட்ட பாடங்கள் பெரும்பாலும் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தலபுராணம் ஆகியவை. 1880 அக்டோபரில், கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்த சில மாதங்களில், அவர் சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டார். என்னென்ன நூல்கள் கற்றீர் என முதலியார் வினவ, ஐயர் தாம் கற்றவற்றை அடுக்கினார். முதலியார் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அவற்றைப் படித்ததில்லை. பின்னர் முதலியார் தந்த சிந்தாமணிப் படியை இருவரும் சேர்ந்தே படித்தனர். 1887இல் சிந்தாமணியும், 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் வெளிவந்தமை யாவரும் அறிந்தது.

இந்நிகழ்ச்சியை எடுத்தாள்வோர், ஐயர் முன்னர்க் கற்றவையெல்லாம் பயனில என்று எளிதில் முடிவு கட்டிவிடுகின்றனர். இம்முடிவு ஏற்கத்தக்கதன்று. முதலாவதாக, 'என் சரித்திரம்' 1940ஆம் ஆண்டிலேயே இதழில் வெளிவரத் தொடங்கியது. அறுபது ஆண்டுகட்கு முன் நிகழ்ந்த உரையாடலை, அதன் விளைவுகளையெல்லாம் கண்ட முதியவர் ஒருவர் நினைவுகூர்ந்து எழுதியது அது. அதில் பழைய படிப்பின் மதிப்பு சற்றுக் குறைந்து தோன்றுதல் இயல்பே.

இரண்டாவது காரணம் இன்னும் வலியது. சுவடி எழுத்தின் இயல்பை நோக்குக. மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி எழுதப்படும். காலுக்கும் ரகரத்துக்கும் வடிவு ஒன்றே. சொல்லுக்குச் சொல் இடம் விடுதலோ, அடிக்கு அடி வரி பிரித்தலோ இல்லை. செய்யுளும் உரையும் ஒன்றாய்த் தொடர்ந்து செல்லும். இத்தகைய எழுத்தைப் படித்தல் என்பது அதன் பொருளைத் துணிதலே ஆகும். சீரும் தளையும் செவியில் ஊறியவர்க்கன்றி அடி எங்கே முடிகிறது என்பது விளங்காது. ஓரெழுத்துத் தொடரையே பலவகையாகப் பிரித்துப் பொருள் காண வேண்டிய யமக அந்தாதிகளிலும் திரிபு அந்தாதிகளிலும் இளமை தொட்டுப் பழகியவர்க்கு, இடைவெளியற்ற ஏட்டு வரியைப் பிரித்தறிதல் புதுத்தொழில் அன்று. முதலியார் எள்ளிய அச்சிற்றிலக்கியப் பயிற்சியே சிந்தாமணி ஏட்டைத் திறந்த திறவுகோல் என்பது எம் கருத்து. முதலியார் காட்டியது எதைப் படிப்பது என்பதனை. எவ்வாறு படிப்பது என்பதனை அளித்தவர் பிள்ளையவர்களே.

ஆயினும் ஒன்று மாறியது. சிந்தாமணிக்குப் பாடஞ் சொல்லும் ஆசிரியர் எவரும் ஐயர்க்குக் கிடைத்திலர். நச்சினார்க்கினியர் உரையே ஆசிரியனாயிற்று. சமணக் கொள்கைகளைச் சமணரிடமே கேட்டறிந்தார். நச்சினார்க்கினியரோ மேற்கோள் காட்டுங்கால் நூற்பெயரைப் பெரும்பாலும் சொல்லாது விடுபவர். அம்மேற்கோள்களின் இருப்பிடம் தேடியே ஐயர் பிற சுவடிகளைப் புரட்டினார். அத்தேட்டமே அவரைச் சங்க நூல்களுள் கொண்டு சேர்த்தது. ஒரு நூலைப் படிக்க ஏழு நூலைத் தேடும் இப்பழக்கத்தின் பயனை அவர் பதிப்புக்களின் அடிக்குறிப்பிலும் அரும்பத அகராதியிலும் இன்றும் காணலாம்.

படியாமையால் நேர்ந்த இழப்புக்கும் ஐயர் வாழ்க்கையே சான்று தருகின்றது. தம் ஆசிரியர் காலத்தில் திருவாவடுதுறைச் சுவடிகளிடையே வளையாபதி ஏட்டைத் தாம் கண்டதுண்டு என்றும், அந்நாளில் பழைய நூல்களில் விருப்பம் உண்டாகாமையால் அதனை எடுத்துப் படிக்கவில்லை என்றும், பின்னர்த் தமிழ்நாடெங்கும் தேடியும் கிடைத்திலது என்றும் அவரே எழுதியுள்ளார். தம் குறையை மறையாது எழுதிய அந்நேர்மை போற்றற்குரியது. இன்று வளையாபதியில் எஞ்சி நிற்பன எழுபதையொட்டிய செய்யுட்களே. அவற்றுட் பெரும்பாலானவை புறத்திரட்டு என்னும் தொகைநூலால் கிடைத்தவை. திருக்குறளின் அமைப்பைத் தழுவி நீதிப் பாடல்களைத் தொகுத்த அதன் ஆசிரியர் பெயர் தெரியவில்லை. அவர் அறம் கூறும் செய்யுட்களையே விரும்பி எடுத்தார். கதை கூறும் செய்யுட்களை விட்டார். ஆதலின் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றெனப்படும் வளையாபதி இன்று நமக்கு நீதிநூல் போலவே காட்சியளிக்கின்றது. அதன் கதைப்போக்கை அச்செய்யுட்களைக் கொண்டு அறிய இயலவில்லை.