எல்லைச் சாவடியும் கணிப்பொறியின் கருநிரலும்

களியக்காவிளையிலிருந்து பாறசாலை வழியே நெய்யாற்றின்கரை செல்லும் நெடுஞ்சாலையில் அமரவிளை என்னும் ஊர் உள்ளது. சரக்கு சேவை வரி 2017இல் நடைமுறைக்கு வரும்வரை, எல்லை கடந்து வரும் சரக்குகளைப் பட்டியலுடன் ஒப்பிட்டு நோக்கும் வணிகவரிச் சாவடி இங்கு இயங்கி வந்தது. கணிப்பொறியினுள்ளும் இத்தகைய எல்லை ஒன்று உண்டு.

நாம் அன்றாடம் இயக்கும் நிரல்கள் பயனர் வெளியில் இயங்குவன. கெர்னல் எனப்படும் கருநிரலும், கேமரா, வலையட்டை முதலிய சாதனங்களை ஆளும் இயக்கிகளிற் பெரும்பாலானவையும் எல்லைக்கு அப்பாலுள்ள காப்பு வெளியில் இயங்குவன. பயனர் நிரல் ஒன்று பிழைபட்டால் பெரும்பாலும் அது மட்டுமே நிற்கும். இயக்கி பிழைபட்டாலோ, கணிப்பொறி முழுவதும் நின்றுவிடக்கூடும். தீயோர் கைவசமாகவுங் கூடும்.

கேமராவின் பட அளவு போன்ற அமைப்பு விவரங்களைப் பயனர் நிரல் தன் நினைவகத்தில் எழுதி, அவ்விடத்தின் முகவரியை இயக்கிக்கு அனுப்புவது வழக்கம். இயக்கி அவ்விடத்திலேயே விவரங்களைச் சோதித்து, மீண்டும் அங்கிருந்தே படித்தால் என்ன நேரும்? சோதனையின்போது 64 பைட்டு என்றிருந்த நீளத்தை, அந்நிரலின் மற்றோர் இழை இடைநொடியில் 6400 என மாற்றிவிடலாம். 64 பைட்டுக்கு ஒதுக்கிய இடத்தில் 6400 பைட்டுகள் கொட்டப்பட, அண்டையிலுள்ள நினைவகம் சிதையும். சாவடியில் சோதனை முடிந்தபின் வண்டியில் வேறு சரக்கை ஏற்றுவது போன்றதே இது.

ஆகவே லினக்ஸ் கருநிரலில் ஓர் ஒழுங்கு வகுக்கப்பட்டுள்ளது. முகவரி பயனர் வெளியைச் சேர்ந்ததுதானா என்று முதலில் நோக்க வேண்டும். பின்னர் விவரங்களை ஒரே முறை கருநிரலின் நினைவகத்துக்குப் படியெடுக்க வேண்டும். அதன் பின்னரே அப்படியைச் சோதித்து, அதனையே பயன்படுத்த வேண்டும். முதலிரு பணிகளையும் ‘காப்பி ஃப்ரம் யூசர்’ என்னும் செயற்கூறு செய்கிறது. படியெடுக்க இயலாது எஞ்சிய பைட்டுகளின் எண்ணிக்கையே அது தரும் விடை. அவ்விடை சுழியமாயிருந்தாலன்றி மேற்செல்லலாகாது.

முகவரிச் சோதனை விடுபட்டால் விளையும் தீங்கிற்கு, 2017இல் வெளிவந்த லினக்ஸ் 4.13 ஒரு சான்று. அதன் ‘வெயிட் ஐடி’ என்னும் அழைப்பு, விடையை எழுத வேண்டிய முகவரியைச் சோதிக்கவில்லை. அதனால் சாதாரணப் பயனரும் கருநிரலின் நினைவகத்தில் எழுத வழி ஏற்பட்டது. அவ்வாண்டிலேயே பிழை திருத்தப்பட்டது.

திருவனந்தபுரத்துச் சி-டாக் நிறுவனம் ‘வேகா’ என்னும் நுண்செயலிகளை உருவாக்கியுள்ளது. இத்தகைய புதிய பொறிகளுக்கு இயக்கிகள் எழுத முற்படும் இளைஞர்கள், முதலிற் படியெடுத்தல், பின்னர்ச் சோதித்தல், சோதித்த படியையே பயன்படுத்தல் என்னும் வரிசையை மறவாதிருத்தல் நலம்.