தூக்காமலே நகர்ந்த பீரங்கிகள்: தெரியுமா?

ஆள் அரவமில்லாத பொட்டல் வெளி. மண்ணில் கீறிய ஒரு ஓடுபாதை. சி-130 விமானம் வந்து நிற்கிறது. உள்ளே ஒவ்வொன்றும் நாலரை டன் வரை கனக்கும், வெடிமருந்து ஏற்றிய சரக்குப் பலகைகள். வெளியே ஃபோர்க்லிஃப்ட் இல்லை, கிரேன் இல்லை, சுமைதூக்க ஆளும் இல்லை. எப்படி இறக்குவார்கள் தெரியுமா? சரக்கு இருந்த இடத்திலேயே இருக்க, விமானத்தை அதன் அடியிலிருந்து உருவிவிடுவார்கள்!

நிஜம்தான். பின்கதவைத் திறந்து சாய்பலகையை இறக்கி, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி என்ஜினை முடுக்குவார்கள். சரக்கின் பூட்டை விடுவித்துப் பிரேக்கை விட்டதும் விமானம் முன்னால் பாய்கிறது. உருளைகள் மேல் நின்ற சரக்கு பின்னால் வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிடுகிறது. பலகை தரையில் மோதக் கூடாது என்றால் காலி எண்ணெய் டிரம்களைப் பின்கதவுக்குப் பின்னால் நிறுத்தி வைப்பார்கள். சரக்கு டிரம்களின் தலையில் ஏறி நிற்கும். விமானம் நழுவிப் போய்விடும். இத்தனை டன்னைத் தாங்கும் அந்தப் பலகையின் உள்ளே இருப்பது என்ன தெரியுமா? பால்சா மரம்! உலகின் மிக லேசான மரங்களில் ஒன்று, மேலே அலுமினியத் தகடு போர்த்திக்கொண்டு இவ்வளவு பாரத்தையும் சுமக்கிறது.

1968-இல் வியட்நாமில் கே சான் என்ற அமெரிக்கத் தளம் முற்றுகையிடப்பட்டபோது ஓடுபாதையில் நிற்பதே ஆபத்தாகிவிட்டது. அப்போது விமானங்கள் தரையைத் தொடாமலே தாழப் பறந்தன. பாராசூட் ஒன்று பின்னால் விரிந்து சரக்கை வெடுக்கென்று இழுத்துப் போட்டது.

அதே வியட்நாமில் 14 ஆண்டுகளுக்கு முன்பு நடந்ததைக் கேட்டால் இந்த விமான வித்தைகூடச் சாதாரணமாகத் தெரியும். தியன் பியன் பூ பள்ளத்தாக்கில் பிரெஞ்சுப் படை முகாமிட்டிருந்தது. சுற்றிலும் காடு மூடிய மலைகள். கனரகப் பீரங்கியை அங்கே ஏற்ற எவராலும் முடியாது என்று பிரெஞ்சுத் தளபதிகள் உறுதியாக நம்பினார்கள். வியட்நாம் வீரர்களோ 2 டன்னுக்கு மேல் எடையுள்ள 105 மி.மீ. பீரங்கிகளை, லாரி போக முடிந்த இடம்வரை லாரியிலும் அதற்கப்பால் கையாலும் இழுத்தே கொண்டுபோனார்கள். நம் ஊர்த் தேரோட்டம்தான்: முன்னால் வடம் பிடிக்க நூறு பேர், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடச் சிலர். ஆனால் இங்கே தெரு கிடையாது. செங்குத்துச் சரிவு, சேறு, இருட்டு, எதிரியின் விமானம். இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. 1954 ஜனவரியில், தாக்குதலைத் தொடங்க வேண்டிய நேரத்தில் வியட்நாம் தளபதி ஜியாப் திட்டத்தை மாற்றினார். ஏற்றிய பீரங்கிகளை எல்லாம் திரும்ப இறக்கச் சொன்னார்! ஏற்றியதைவிட இறக்கியதுதான் பெரும்பாடு. சரிவில் பிடி நழுவிப் பாய்ந்த விமான எதிர்ப்புப் பீரங்கியைத் தடுக்க, தோ வின் தியன் என்ற வீரர் தன் உடலையே சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்து உயிர் விட்டார். பிறகு மலைகளில் புதிய பாதை, குடைந்த பதுங்கிடங்கள், மறுபடியும் வடம். மார்ச் 13 அன்று மலைகள் முழங்கியபோது பிரெஞ்சு முகாம் திகைத்துப்போனது.

இந்த வீரர்களுக்கு அரிசியும் குண்டும் எதிலெல்லாம் வந்தன தெரியுமா? சைக்கிளிலும்! கைப்பிடியில் மூங்கிலைக் கட்டி நீட்டி, ஓட்டாமல் தள்ளிக்கொண்டே நடந்தார்கள். மா வான் தாங் என்பவர் ஒரே சைக்கிளில் 352 கிலோ ஏற்றித் தள்ளியிருக்கிறார்.

இழுக்கவும் முடியாத பாதையா? கழற்று! 1879-இல் வந்த பிரிட்டிஷ் மலைப்பீரங்கி ஒன்றின் குழலையே இரண்டாகப் பிரித்துச் சுமந்துபோய், சண்டைக்களத்தில் திருகாணிபோல் திருகிப் பூட்டினார்கள். முழுப் பீரங்கியும் ஐந்து கோவேறு கழுதைகளின் முதுகில் அடங்கியது. பிரிட்டிஷ் இந்தியப் படையின் பெரிய பீரங்கிகளை யானைகள் இழுத்தன. ஆனால் குண்டு வெடிக்கும் இடத்தை நெருங்க யானை மறுக்கும். கடைசித் தூரத்துக்குக் காளைகளைப் பூட்டினார்கள். யானை அஞ்சிய இடத்துக்குக் காளை போனது! பெரு நாடோ ஒரு கப்பலையே கழற்றியது. கடற்படைக்காக இங்கிலாந்தில் செய்த யாவரி என்ற கப்பல் 2,766 துண்டுகளாக வந்திறங்கி, கோவேறு கழுதை முதுகில் ஆண்டிஸ் மலை ஏறி, 3,800 மீட்டர் உயரத்து டிட்டிகாகா ஏரியில் 1870-இல் மிதந்தது.

என் நெஞ்சை நிமிர்த்தும் கதை காஷ்மீரில் இருக்கிறது. 1948. லடாக்கின் வாசலான சோஜிலா கணவாய், 3,500 மீட்டர் உயரம். பாறைக் குகைகளில் இருந்த பாகிஸ்தான் தரப்பின் இயந்திரத் துப்பாக்கிகளைச் செப்டம்பரில் இந்தியக் காலாட்படையால் அசைக்க முடியவில்லை. மேலே டாங்கியை ஏற்றலாம் என்றார் ஜெனரல் திம்மையா. கோவேறு கழுதை போகும் தடத்தில் டாங்கியா! மதராஸ் சாப்பர்ஸ் வந்தார்கள். இந்திய ராணுவம் ‘தம்பி’ என்று அழைக்கும், தென்னாட்டு இளைஞர்கள் நிறைந்த பொறியியல் படை. பால்தாலில் இருந்து கணவாய் நோக்கிப் பாறையை வெடித்து, சரிவை வெட்டி, கழுதைத் தடத்தை டாங்கிப் பாதையாக்கினார்கள். ஜம்முப் பக்கத்திலிருந்து கிளம்பிய ஸ்டூவர்ட் டாங்கிகளுக்கு வழியெல்லாம் பலமில்லாத பாலங்கள். பீரங்கிக் கூண்டைக் கழற்றித் தனியே கொண்டுவந்தார்கள். எடையும் குறைந்தது, பார்ப்பவருக்கு அது டாங்கி என்றும் தெரியவில்லை. நவம்பர் 1, பனி கொட்டுகிறது. முழு உருவில் டாங்கிகள் கணவாயில் உறுமிக்கொண்டு ஏறின. எதிரி கனவிலும் எதிர்பார்க்கவில்லை. அவ்வளவு உயரத்தில் அதுவரை உலகில் எங்கும் டாங்கி போரிட்டதில்லை. அந்த மாதமே கார்கிலும் மீண்டது. சோஜிலா என்றதும் டாங்கிப் படையைச் சொல்கிறோம். பாதை வெட்டிய தம்பிகளையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

அதே லடாக்கில், 1962 அக்டோபரில், டாங்கிகள் பறந்தே போயின தெரியுமா? சீனப் போரின் நடுவே 20 லான்சர்ஸ் படையின் ஆறு ஏஎம்எக்ஸ்-13 டாங்கிகளை, ஒரு விமானத்துக்கு ஒன்றாக, சோவியத் தயாரிப்பான ஆன்டனோவ்-12 விமானங்கள் சண்டிகரில் இருந்து சுமந்துபோயின. காற்றே மெலிந்துபோன 4,300 மீட்டர் உயரத்தில், சுஷூல் என்ற சின்ன ஓடுபாதையில், 14 டன் இரும்போடு தரையிறங்கினார்கள் நம் விமானிகள்!