கன்னக்கோல் இல்லாத திருடன்!

திருடன் வருகிறான். கையிலே கன்னக்கோல் இல்லை. இடுப்பிலே கத்தி இல்லை. கூரை ஏறவில்லை, கொல்லைப்புறம் பதுங்கவில்லை. "இதைப் படியுங்கள்" என்று ஒரே ஒரு வரி அனுப்புகிறான். நாம் விரலால் தொடுகிறோம். பக்கம் ஒன்று திறக்கிறது. அந்த நொடியே, நமது சட்டைப்பையில் இருக்கும் போன் அவனுக்கு வேலைக்காரனாகி விடுகிறது!

கட்டுக்கதையல்ல தோழர்களே, நடந்த கதை!

2016 ஆகஸ்டு 10. ஐக்கிய அரபு அமீரகம். மனித உரிமைக்காகக் குரல் கொடுத்து வந்த அகமது மன்சூர் என்பாரின் ஐபோனுக்குச் செய்தி ஒன்று வருகிறது. சிறைகளில் நடக்கும் சித்திரவதை பற்றிய இரகசியங்கள் இதோ, லிங்க்கைத் தொட்டால் தெரியும் என்று! மறுநாளும் அதுபோலவே ஒன்று. வதைபடுவோருக்காக வாதாடுபவரைப் பிடிக்க இதைவிட நல்ல தூண்டில் ஏது? ஆனால், 2011-லும் 2012-லும் உளவாளிகளின் வலைக்கு இலக்கானவர் மன்சூர். பட்டறிவு பேசிற்று. லிங்க்கைத் தொடவில்லை, கனடாவில், டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்களுக்கு அனுப்பி வைத்தார்.

ஆராய்ந்தார்கள், அதிர்ந்தார்கள். ஐபோனில் அதுவரை எவரும் அடைக்காத மூன்று ஓட்டைகள்!

படிக்கும் பக்கம் எப்படிப் போனைப் பிடிக்கும்? மனு வாசிக்கும் குமாஸ்தா ஒருவனை எண்ணிக் கொள்ளுங்கள். பக்கத்தை நமக்குக் காட்டும் பிரவுசர்தான் அந்தக் குமாஸ்தா. மனுவை வாசிப்பதோடு, அதிலுள்ள சின்னஞ்சிறு கட்டளைகளை நிறைவேற்றுவதும் அவன் வேலை. சூதாக எழுதப்பட்ட மனு அவனைக் குழப்பி, மனுதாரன் சொன்னபடியெல்லாம் ஆட வைத்தது. இது முதல் ஓட்டை. அதிகாரியின் அறை எங்கே என்று காட்டிக் கொடுத்தது இரண்டாவது. அறைச் சாவியையே பறித்துத் தந்தது மூன்றாவது. பிறகென்ன? பேச்சு, கடிதம், மைக், கேமரா அத்தனையும் அயலான் கையில்!

இஸ்ரேலின் என்.எஸ்.ஓ. நிறுவனம் அரசுகளுக்கு விற்ற பெகாசஸ் கருவி அது என்று ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஆகஸ்டு 25-ல் ஆப்பிள் நிறுவனம் 9.3.5 அப்டேட்டை வெளியிட்டு மூன்று ஓட்டைகளையும் அடைத்தது. ஒருவர் தொடாமல் விட்ட லிங்க், உலகுக்கே காவலாயிற்று! அவருக்குக் கிடைத்த பரிசோ, 2017 மார்ச்சில் கைது. 2018 மே மாதம் 10 ஆண்டுச் சிறைத் தண்டனை!

"தெரியாத லிங்க்கைத் தொடாதிருந்தால் போதுமே" என்பீர்கள். போதாது! 2019 ஆகஸ்டில் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட செய்தி வேறு. வாரந்தோறும் ஆயிரக்கணக்கானோர் வந்துபோகும் இணையதளங்களிலேயே பொறி வைத்திருந்தார்கள். எட்டிப் பார்த்தாலே போதும், ஐபோன் பறிபோகும். அவை உய்குர் மக்களுக்கான செய்திகளைத் தாங்கியவை, 12-க்கும் குறைந்த தளங்கள் என்றது ஆப்பிள். அங்கே மக்களைக் காத்தது எச்சரிக்கையல்ல. 2019 பிப்ரவரி 7-ல் வந்த அப்டேட்!

ஆக, அப்டேட்தான் பூட்டு. பூட்டு வெளியானதும், அதை ஆராய்ந்தே ஓட்டை எங்கிருந்தது என்று கண்டுபிடிப்பவனும் திருடன்தான். எனவே இன்று வந்ததை இன்றே போடுக!

பூட்டே வராத போன் வைத்திருப்பவன் என்ன செய்வான்? விலை உயர்ந்த போனுக்கு ஏழாண்டுப் பாதுகாப்பு உண்டு. மலிவு போனுக்குச் சில ஆண்டுகளில் கைவிரிப்பு! வியர்வை சிந்தி வாங்கியவன் வீதியிலா நிற்பது? ஐரோப்பிய ஒன்றியம், 2025 ஜூன் 20 முதல் விதி வகுத்திருக்கிறது. விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 ஆண்டுகள் அப்டேட் கிடைக்க வேண்டும் என்று. அங்கே உரிமை, இங்கே சலுகையா? கேட்போம், கேட்டுப் பெறுவோம்!

அதுவரை, செட்டிங்ஸில் செக்யூரிட்டி அப்டேட் தேதியைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் பிரவுசரைத் தனியே பிளே ஸ்டோரில் புதுப்பிக்கலாம், புதுப்பியுங்கள். "உங்கள் போனில் வைரஸ்" என்று கூவும் பக்கத்தை மூடுங்கள். அது நீட்டும் செயலியை ஏற்காதீர்கள். அப்டேட் நின்றுபோன போனில் வங்கிக் கணக்கை வைக்காதீர்கள்.

கிளைக் கழகக் கூட்டம் முடிந்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். தெரிந்த தோழர், தெரியாத தோழரின் போனை வாங்கிப் பார்த்துச் சொல்லித் தரட்டும். வாசலைத் திறந்து போட்டுவிட்டு வசைபாடிப் பயனில்லை. பூட்டுவோம், வாரீர்!