தட்டம்மை ஏன் திரும்பி வருகிறது?

தடுப்பூசிக்கு முந்தைய லண்டனில் தட்டம்மை பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகி அடங்கியது. அடங்கும்போது கிருமி வலுவிழக்கிறது, பிறகு வலுப்பெற்றுத் திரும்புகிறது என்றே எவருக்கும் தோன்றும். 1906இல் மருத்துவர் வில்லியம் ஹேமர் கிருமியை விட்டுவிட்டு மனிதர்களை எண்ணினார். நோயுற்றோர் தொகையையும் இன்னும் நோய் வராதோர் தொகையையும் பெருக்கினால் வருவதைப் பொறுத்தே புதிய தொற்றுகள் அமையும் என்றார். யாருக்குமே எதிர்ப்பாற்றல் இல்லாத ஊரில் ஒரு தட்டம்மை நோயாளி சுமார் 15 பேருக்குத் தொற்றவைப்பார். பதினைந்தில் ஒருவருக்கே இனி நோய் வரமுடியும் என்ற நிலை வந்தால், ஒருவரிடமிருந்து ஒருவருக்குத்தான் போகும். அதற்கும் கீழே போனால் நோய் சரியும். அப்போதும் நோய் காணாத குழந்தைகள் ஊரில் மிச்சம் இருப்பார்கள், கிருமியின் வீரியமும் குறைந்திருக்காது. இந்த எல்லைக்கோட்டை ஆய்வாளர்கள் கெர்மாக்கும் மெக்கெண்ட்ரிக்கும் 1927இல் கணிதமாக நிறுவி, 1905-06 பம்பாய் பிளேக் மரணங்களோடு பொருத்திக் காட்டினார்கள். பிளேக் எலிகளையும் தெள்ளுப்பூச்சிகளையும் நம்பிப் பரவுவது என்பதால் அந்தப் பொருத்தத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தட்டம்மையே நல்ல சாட்சி. அது ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வருவது மிக அரிது. ஆகவே அடுத்த அலைக்கு ஆள் சேர்ப்பது பிறப்பு. இரண்டாம் உலகப் போருக்குப்பின் பிறப்புகள் கூடிய சில ஆண்டுகளில் லண்டனிலும், பிறப்பு விகிதம் உயர்ந்திருந்த லிவர்பூலிலும் தட்டம்மை ஆண்டுதோறும் வந்தது இதனால்தான்.

இந்த விளக்கத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1929இல் புள்ளியியலாளர் சோப்பர் ஹேமரின் கணக்கைத் தொடர்ந்து போட்டபோது அலைகள் வரவரச் சிறுத்து ஓய்ந்துபோயின. உண்மையான தட்டம்மை ஓயவில்லை. கணக்கில் விடுபட்டது பள்ளிக்கூடம். விடுமுறை முடிந்து பிள்ளைகள் வகுப்பில் கூடும்போதெல்லாம் தொற்று வேகமெடுக்கிறது. நிற்கப்போகும் ஊஞ்சலை யாரோ தள்ளிவிடுவதுபோல இது அலைக்கு உயிர் கொடுக்கிறது. இன்னொரு குறையை 1957இல் புள்ளியியலாளர் பார்ட்லெட் தீர்த்தார். சுமார் 2,50,000 முதல் 3,00,000 பேருக்குக் குறைவான ஊர்களில் அலைகளுக்கு நடுவே நோய் தற்செயலாகவே அற்றுப்போகும், மீண்டும் வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்று காட்டினார்.

மனிதர்கள் இந்தக் கணக்கு எண்ணுவதுபோல எல்லாரோடும் சமமாகப் பழகுவதில்லையே என்பார்கள். உண்மைதான். அதனால்தான் சராசரித் தடுப்பூசி விகிதத்தை மட்டும் நம்பக்கூடாது என்கிறேன். ஒரு மாநிலத்தில் 95 சதவீதம் இருந்தாலும் ஒரு பேட்டையில் பாதிப்பேர் விடுபட்டிருக்கலாம். அலை எந்த நாளில் எழும் என்று இந்தக் கணிதத்தால் சொல்ல முடியாது. ஆபத்து எங்கே குவிகிறது என்று சொல்ல முடியும். சுமார் இரண்டு லட்சம் பேர் வாழும் சமோவாவில் தட்டம்மை தானாக நிலைத்திருக்க வழியில்லை. 2018இல் அங்கே தடுப்பூசித் திட்டம் தடைபட்டு, மூன்றில் ஒரு குழந்தைக்குத்தான் ஊசி கிடைத்தது. 2019இல் நோய் வெளியிலிருந்து வந்தது. 5,700க்கும் மேற்பட்டோரைத் தாக்கி 83 பேரைக் கொன்றது. இறந்தவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.